வேலிக் கம்பெனி நடத்திய பேஸ்பால் அணி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாளை கேட்சர்:
பாளையங்கோட்டையில் உடற்கல்வி படிக்கிறேன், கல்லூரி பேஸ்பால் அணியில் கேட்சர். கம்பெனிகள் நடத்தி, பிறகு நின்றுபோன அணிகள் பற்றி அடுத்த வாரம் வகுப்பில் பேச வேண்டும். தேடும்போது 'பேஜ் ஃபென்ஸ் ஜயன்ட்ஸ்' என்ற பெயர் கிடைத்தது. அமெரிக்காவில் 1895 முதல் 1898 வரை, நாலே சீசன். ஃபென்ஸ் என்றால் நம்ம கம்பி வேலிதானா? வேலி விற்கிறவர்களுக்கு பேஸ்பால் எதற்கு?

கடையம் வேலிக்கடை:
கம்பி வேலியேதான் தம்பி. கடையத்தில் 22 வருஷமாக வேலிக் கம்பி விற்கிறேன். பேஜ் என்ற பெயரை முதலில் தெரிந்துகொண்டது வேலிக்காகத்தான், பேஸ்பால் அப்புறம் வந்தது.

மிச்சிகன் மாநிலத்தில் ஏட்ரியன் என்ற ஊர். ஜே. வாலஸ் பேஜ் அங்கே பின்னல் கம்பி வேலி செய்து விற்றார். வேலி கட்டுகிறவனுக்குத் தெரியும், கல்தூணுக்குத் தூண் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் சித்திரை வெயிலுக்குக் கம்பி தொய்ந்துவிடும். எங்கள் மலையடிவாரத்தில் அந்தத் தொய்வுக்குள் பன்றி மூக்கைக் கொடுத்தால் போதும், விடிவதற்குள் வாழை போய்விடும். பேஜ் கம்பெனி குறுக்குக் கம்பியைச் சுருள் சுருளாக வளைத்துப் பின்னியது. மாடு முட்டினால் வேலி உள்வாங்கி, பழையபடி விறைத்துக்கொள்ளும்.

பேஸ்பால் எதற்கு என்று கேட்டீர்களே. வேலி வாங்குகிறவர் கடைத்தெருவில் இருக்க மாட்டார், தோட்டத்தில் இருப்பார். பொங்கலுக்குக் கபடி ஆடும் பையன்களுக்கு என் கடைப் பெயர் போட்டு பனியன் எடுத்துக் கொடுத்த ஊர்களில் இருந்துதான் எனக்கு இன்றைக்கும் ஆள் வருகிறது. பேஜ் கம்பெனியும் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. முதல் சீசனில் மட்டும் அந்த அணி 112 ஊர்களில் ஆடியது.

ஆனால் அணி கம்பெனியின் யோசனை இல்லை. பட் ஃபௌலர், கிராண்ட் ஜான்சன் என்ற இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்கள் கண்ட கனவு அது. ஃபௌலர் 1878-லேயே வெள்ளையர் அணிகளில் சம்பளத்துக்கு ஆடியவர், முடிதிருத்தும் தொழிலும் கையில் இருந்தது. 1880-களின் கடைசியில் பெரிய லீக்குகள் கறுப்பினத்தவருக்குக் கதவைச் சாத்தின. அதனால்தான் இருவரும் சொந்தமாக ஓர் அணி சேர்க்கக் கிளம்பி, ஏட்ரியனில் ஆதரவு பிடித்தார்கள்.

அவர்களுக்கென்று தனி ரயில் பெட்டி. படுக்கை, அடுப்பு, சமையல்காரர் எல்லாம் அதற்குள்ளேயே. கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்க மறுத்த ஹோட்டல்கள் வழியெங்கும் இருந்தன, ஆகவே அந்தப் பெட்டிதான் வீடு. ஓர் ஊரில் இறங்கியதும் மோனார்க் சைக்கிள்களில் ஏறி, சீருடையோடு தெருவில் ஊர்வலம் வருவார்கள். சாயங்காலம் மைதானம் நிறைந்துவிடும். 1895-ல் 118 வெற்றி, 36 தோல்வி. 1897-ல் தொடர்ச்சியாக 82 ஆட்டம் ஜெயித்ததாகக் கணக்கு.

வி.கே.புரம் பேத்தி:
அண்ணாச்சி, படிக்கும்போது எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. அவர் ஒரு மில் அணிக்குக் கால்பந்து ஆடியவர். அணியைக் கலைத்ததைக் கேட் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். பூட்ஸைப் பரணில் ஏற்றியவர் கடைசிவரை இறக்கவில்லை. தாம்பிரபரணியில் குளித்துவிட்டு வரும்போது மைதானப் பக்கம் வராமல் சுற்றித்தான் வருவார். இந்த ஆட்டக்காரர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?

கடையம் வேலிக்கடை:
தங்கச்சி, தாத்தாவின் பூட்ஸ் இன்னும் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

ஏட்ரியனில் இருந்தவர்கள் ஆட்டத்தை விடவில்லை. 1898-க்குப் பிறகு பெரும்பாலானவர்கள் சிகாகோ போய், 1899-ல் கொலம்பியா ஜயன்ட்ஸ் என்ற பெயரில் ஆடினார்கள். அவர்களில் சார்லி கிராண்ட் அருமையான ஆட்டக்காரர். 1901-ல் ஜான் மெக்ரா என்ற மேனேஜர் அவரைச் செவ்விந்தியர் என்று சொல்லி, பெயரையும் மாற்றிப் பெரிய லீக்கில் சேர்க்கப் பார்த்தார். விஷயம் வெளியே தெரிந்து, கிராண்ட் அங்கே ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. அதைப் படித்த அன்று கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டேன்.

ஃபௌலர் முதல் சீசன் பாதியிலேயே விலகிவிட்டார். 1913-ல் இறந்தார், கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. பேஸ்பால் வரலாற்று ஆர்வலர்கள் சேர்ந்து 1987-ல்தான் ஒரு கல் நட்டார்கள். 2022-ல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் சாதனையாளர் கௌரவப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது.

பாளை கேட்சர்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. தலைப்பை 'பேஜ் கம்பெனியின் பேஸ்பால் அணி' என்று வைக்கலாமா?

கடையம் வேலிக்கடை:
வேண்டாம் தம்பி. ஃபௌலர், ஜான்சன் பெயரை முதலில் போடுங்கள். வேலி அதற்கு அடுத்த வரியில் வரட்டும்.