போர் தண்ணி டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 1400, காய்ச்சி குடிக்கலாமா? (திருவான்மியூர், சென்னை)

வெயில் ஆரம்பிச்சதுல இருந்து போர் தண்ணி ரொம்ப உப்பு கரிக்குது, மீட்டர்ல 1400 காட்டுது, காய்ச்சினா சரியாயிடும்னு அம்மா சொல்றாங்க, வீட்ல சின்ன குழந்தை இருக்கு அதான் பயமா இருக்கு. 2019 தண்ணி பஞ்சம் மாதிரி திரும்ப வந்துடுமா?

பதில் 1: காய்ச்சினா கிருமிதான் சாகும் சிஸ்டர், உப்பு போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடத்தான் செய்யும். 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னாதான் 2000 வரைக்கும்னு ஐஎஸ் (இந்திய குடிநீர்) தரத்துல இருக்கு. குழந்தைக்கு மெட்ரோ தண்ணி புடிச்சு காய்ச்சி குடுங்க. கடலோரத்துல போர் போட்டு உறிஞ்சிக்கிட்டே இருந்தா கடல் தண்ணி உள்ள ஏறிடும், அதான் கரிக்குது.

பதில் 2: 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட காஞ்சு போச்சு, ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க. ராத்திரி 2 மணிக்கு குடத்தோட லாரிக்கு நின்னத இன்னும் மறக்க முடியல. வீராணம் ஏரியும் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலையும் இல்லன்னா அப்ப என்ன ஆயிருக்குமோ.

பதில் 3: மொட்டமாடி மழைத்தண்ணிய கிணத்துக்கு திருப்பி விடுங்க, எங்க பிளாட்ல ரெண்டு மழைக்காலத்துலயே உப்பு நல்லா கொறஞ்சுது. பைப்ப ஐப்பசிக்கு முன்னாடி கிளீன் பண்ணிடுங்க.