‘பண்பறி மதிப்பெண்’: ஒரு சொல் பரிந்துரை

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவம், தாதிமை, ஆசிரியப் பயிற்சி முதலியவற்றுக்கு விண்ணப்பிப்போரின் பரிவு, நேர்மை, பிறரோடு இணங்கிப் பணியாற்றும் இயல்பு ஆகியவற்றுக்கு வழங்கப்படும் மதிப்பெண்ணைத் தமிழில் எப்படிக் குறிப்பது என்ற கேள்விக்கு ‘ஆளுமைத் தேர்வு’, ‘நடத்தை மதிப்பெண்’, ‘குணநலன் மதிப்பெண்’ எனப் பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

முதலாவது, உளவியலார் வினாத்தாள் கொண்டு நடத்தும் வேறொரு சோதனைக்கு ஏற்கெனவே வழங்கிவருகிறது. ‘நடத்தை’ என்றதும் சிங்கப்பூர்ப் பெற்றோருக்குப் பள்ளித் தேர்ச்சி அறிக்கையில் உள்ள நன்னடத்தைத் தரநிலைதான் நினைவுக்கு வரும். ‘குணநலன்’ என்பதோ ஒருவருடைய இயல்பு முழுவதையும் எடைபோட்டுவிட்டதாக ஒலிக்கிறது. இடம் கிடைக்காத பிள்ளையிடம் ‘உன் குணத்துக்கு மதிப்பெண் குறைவு’ என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2004இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த பல்குறு நேர்காணல் முறையை (Multiple Mini Interview: ஒரே நீண்ட பேட்டிக்குப் பதில், அறைக்கு ஒன்றாகப் பல சிறு பேட்டிகள்) எண்ணிப் பாருங்கள். நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவக் கல்லூரியும் மாணவர் சேர்க்கைக்கு அம்முறையைக் கையாள்கிறது. பொதுவாக, விண்ணப்பதாரர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் உள்ள சூழலைப் படித்துவிட்டு, மணி அடித்ததும் உள்ளே சென்று, ஓர் அறச்சிக்கலைப் பற்றித் தம் நிலைப்பாட்டை விளக்குவார், அல்லது துயரத்தில் இருப்பவராக நடிக்கும் ஒருவரைத் தேற்றுவார். சில நிமிடங்களில் மீண்டும் மணி அடிக்கும். அடுத்த அறையில் வேறொரு மதிப்பீட்டாளர் காத்திருப்பார். முந்தைய அறையில் நா குழறியது இவருக்குத் தெரியாது. ஒருவரே நெடுநேரம் பேட்டி கண்டால் முதற்பார்வையில் உண்டான எண்ணம் பிற கூறுகளுக்கான மதிப்பெண்களையும் தன் பக்கம் இழுத்துவிடும் என்பதும், ஒரு சூழலில் பரிவோடு நடப்பவர் மற்றொன்றிலும் அவ்வாறே நடப்பார் என்று உறுதி கூற இயலாது என்பதுமே இந்த ஏற்பாட்டுக்குக் காரணங்கள். ஆகவே மதிப்பெண் விழுவது அந்தச் சில நிமிடங்களில் வெளிப்பட்ட சொல்லுக்கும் செயலுக்கும்தான்.

இதைக் கருதியே ‘பண்பறி தேர்வு’, ‘பண்பறி மதிப்பெண்’ என்ற இணையை முன்வைக்கிறேன். ‘திறனறித் தேர்வு’ நாளிதழ்களில் பழகிவிட்டதால் இதுவும் எளிதில் விளங்கும். (வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் நான் ‘த்’ இடவில்லை, நாளிதழ்களோடு வழக்காட எண்ணமில்லை.) ‘அறி’ என்பது மிகையான உரிமை கோருகிறதே என்று ஐயா ஒருவர் கேட்கக்கூடும். வினைத்தொகை காலம் கரந்த பெயரெச்சம் அல்லவா? அறிந்த தேர்வு என்று மட்டுமின்றி, அறிகின்ற தேர்வு, அறியும் தேர்வு என்றும் அது விரியும். முடிந்த முடிபாக எதையும் சொல்லாத அந்த நெகிழ்ச்சியே இங்குத் தேவை.

ஆங்கிலத்தில் ‘station’ எனப்படும், நேர்காணலின் ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலையம்’ என்பதைவிடக் ‘களம்’ எனலாம். நிலையம் என்றால் இங்கே எம்ஆர்டி ரயில் நிலையம்தான். பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கையில் பெரிதும் பார்க்கப்படுவது துறைமீதுள்ள ஆர்வமும் அதற்கேற்ற திறனும் ஆதலால், அதற்கு ‘நாட்டம்’ என்ற பழகிய சொல்லே போதும். ‘பண்பறி மதிப்பெண்’, ‘நாட்டம்’ இரண்டையும் ஒரே பதிவில் சேர்த்துவிட வேண்டாமெனச் சொற்பட்டியலைத் தொகுக்கும் அம்மையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.