மலைநாட்டில் சுமையோடு சைக்கிள் பயணம்: பாதையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நெடுவழி (கேள்வி)

வணக்கம். நானும் மனைவியும் சைக்கிளிலேயே பத்துப் பன்னிரண்டு நாள் ஊர் சுற்றலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எந்த நாடு என்பது இன்னும் முடிவாகவில்லை, நல்ல பாதை கிடைத்தால் எங்கே என்றாலும் சரி. சமவெளியில் நாள் முழுக்க மிதிப்பதில் இரண்டு பேருக்கும் சிரமம் இல்லை. ஆனால் மனசு மலைப்பக்கம்தான் போகிறது. ஆறு குடைந்த பள்ளத்தாக்கு, பழைய கோட்டை, மடாலயம், கல் பாலம் என்று வழியில் இறங்கிப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும்.

தேடினால் வருவதெல்லாம் பேர்போன கணவாய்கள்தான். படங்கள் அருமையாக இருக்கின்றன. ஆனால் கேரியரில் இரண்டு பக்கமும் பை தொங்கும், அவளுக்கு ஒரு முழங்காலில் பழைய வலி வேறு. ஏற்றமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏறி முடித்த பிறகு கோட்டையைச் சுற்றிப் பார்க்கக் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

மொத்த ஏற்றம் இத்தனை மீட்டர் என்று செயலி காட்டுகிறதே, அதை மட்டும் நம்பி முடிவு செய்யலாமா? நீங்கள் எல்லாம் எதைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

மேட்டுவாசி

ஒரு தடவையாவது பெரிய கணவாய் ஒன்றை ஏறிவிடுங்கள் என்பேன். இத்தாலியின் ஸ்டெல்வியோ 2,757 மீட்டர் உயரம். பிராத்தோ ஊரிலிருந்து கிளம்பினால் 24 கிலோமீட்டர், 48 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்ட கல் நிற்கும், மேலே போகப் போக எண் குறைந்துகொண்டே வரும். 1820-களில் கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் போட்ட சாலை அது. மேலே நின்று கீழே பார்க்கும்போது மேற்பகுதி வளைவுகள் ஒரே பார்வையில் தெரியும். சுமையோடு மெதுவாக ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள், முடியாத காரியம் இல்லை.

பழையதடம்

மேட்டுவாசி சொல்வது உண்மைதான், அது அற்புதமான சாலை. ஆனால் நெடுவழி கேட்பது வேறு. ஏறுவதே நோக்கமாக இருந்தால் ஸ்டெல்வியோ. பார்ப்பது நோக்கம், ஏறுவது அதற்கான வழி என்றால் கணக்கு மாறிவிடும்.

முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். நாள் முழுக்கச் சோர்வில்லாமல் சுமார் 100 வாட் அளவுக்கு மிதிக்க முடிகிற ஒருவர், காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் போனது போக, மணிக்கு 300 மீட்டர் போல உயரம் ஏறலாம். பிராத்தோவிலிருந்து ஸ்டெல்வியோ உச்சிக்கு 1,800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஆறு மணி நேரம், நிற்காமல். அன்றைக்கு வேறு எதையும் பார்க்க முடியாது. உங்கள் திட்டத்தில் எந்த நாளை எடுத்தாலும் இந்த 300-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஏற்றமாகவே போனால், அந்த நாளில் கோட்டைக்கு இடமில்லை.

செயலி காட்டும் மொத்த ஏற்றம் பாதி உண்மைதான். 900 மீட்டரை 5 சதவீதச் சரிவில் ஒரே மூச்சாக ஏறுவது ஒரு மாதிரி. அதே 900 மீட்டரை 12 சதவீதத்தில் சின்னச் சின்ன மேடுகளாக ஏறி, ஏறி இறங்கி, மறுபடி ஏறுவது முற்றிலும் வேறு மாதிரி. முழங்காலைக் கொல்வது இரண்டாவதுதான். வரைபடத்தில் உங்கள் பாதை ஓடைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டே போகிறதா, அல்லது ஓர் ஆற்றோடு சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு ஓடைக்கும் ஓர் இறக்கம், ஓர் ஏற்றம்.

இனி என் வழக்கத்தைச் சொல்கிறேன். மலைநாட்டில் நமக்கு முன்னே சுமையோடு போனவர்கள் எந்த வழியில் போனார்கள் என்று முதலில் தேடுவேன். ரோமானியர் சாலை, படகை இழுத்த குதிரைகளின் கரைப்பாதை, கைவிடப்பட்ட ரயில்பாதை. நமக்கு இருக்கிற பிரச்சினைதான் அவர்களுக்கும் இருந்தது. சுமை அதிகம், இழுக்கும் தெம்பு குறைவு. அதனால் மலை எங்கே வழிவிடுகிறதோ அங்கேதான் பாதை போட்டார்கள். இன்னொரு லாபமும் உண்டு: பார்க்க வேண்டிய பழைய இடங்களும் அந்த வழியில்தான் இருக்கும். வழியைக் காவல் காக்கவும் சுங்கம் வாங்கவும் எத்தனையோ கோட்டைகளைக் கட்டினார்கள், தங்க வசதியாகச் சத்திரமும் சந்தையும் வந்தன. சரிவைத் தேடினால் சரித்திரம் தானாகக் கிடைக்கும்.

டேன்யூப் ஆற்றங்கரையைப் பாருங்கள். ஜெர்மனியின் பாஸாவிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், யூரோவேலோ 6 என்ற நெடும்பாதையின் ஒரு துண்டு. இரண்டு பக்கமும் மலை, பாதை மட்டும் ஏறக்குறைய சமதளம். பல இடங்களில் அது படகுகளை ஆற்றோட்டத்துக்கு எதிராகக் குதிரைகள் இழுத்துப்போன கரைப்பாதையேதான். ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு பாறையில் முட்டி, வந்த திசைக்கே திரும்பி ஓடுகிறது. அங்கே சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் சின்னப் படகு உண்டு. கீழே போனால் வாக்காவ் பள்ளத்தாக்கு, 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் ஒரு முனையில் மெல்க் மடாலயம். நடுவே ட்யூர்ன்ஷ்டைன் என்ற சிற்றூர், தலைக்கு மேலே இடிந்த கோட்டை. சிலுவைப்போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை 1192-இல் பிடித்து அங்கேதான் அடைத்து வைத்தார்கள்.

அந்தக் கோட்டைக்கு ஏறுவது செங்குத்தான நடைபாதை. சைக்கிளைப் பையோடு ஊரிலேயே பூட்டிவிட்டு நடந்து ஏற வேண்டும். எந்த மலைநாட்டிலும் நான் விரும்புவது இந்த அமைப்பைத்தான். சக்கரம் பள்ளத்தாக்கில், கால் குன்றில்.

ரயில்பாதைகள் இன்னும் சுகம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால் சாதாரண ரயிலுக்கு 2, 3 சதவீதத்துக்கு மேல் சரிவு வைக்க மாட்டார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் பாதை 152 கிலோமீட்டர், எங்குமே 2 சதவீதத்தைத் தாண்டாது. பூல்பர்ன் பள்ளத்தாக்கில் கல் தூண்கள் மேல் நிற்கும் உயரமான பாலமும், பாறையைக் குடைந்த இரண்டு குகைப்பாதைகளும் அடுத்தடுத்து வரும்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது ஸ்பெயினின் வியா வெர்தே தெ லா சியர்ரா. ஓல்வேராவிலிருந்து புவேர்த்தோ செர்ரானோ வரை 36 கிலோமீட்டர், 30 குகைப்பாதைகள், 4 பெரிய பாலங்கள். இத்தனையையும் 1920-களில் கட்ட ஆரம்பித்தார்கள், ஆனால் ஒரு ரயில்கூட அதில் ஓடவே இல்லை. வெயிலில் கண் கூசிக்கொண்டே போவோம், சட்டென்று குகைவாய். உள்ளே நுழைந்ததும் முகத்தில் குளிர்ந்த காற்று அடிக்கும், சுவரில் நீர்க்கசிவு மின்னும், டயர் சரளையில் உரசுகிற சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கும். வெளியே வந்தால் எதிரே சாஃப்ராமகோன் பாறை. பழுப்பு நிறப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாகக் கூடு கட்டும் இடம் அது. சிறகை அசைக்காமல் வெப்பக்காற்றில் ஏறி ஏறிச் சுற்றும். சைக்கிளைச் சாய்த்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்புறம் ஓல்வேராவில் மூர்கள் என்ற முஸ்லிம் ஆட்சியாளர்கள் காலத்துக் கோட்டை இருக்கிறது, வெள்ளை வீடுகளுக்கு மேலே பாறை முனையில்.

ஒன்று மட்டும் கவனம். இந்தப் பாதையைச் செயலியில் போட்டால் ஏற்ற வரைபடம் ஊசி ஊசியாகப் பயமுறுத்தும். குகைக்கு மேலே இருக்கிற மலையின் உயரத்தை அது பாதையின் உயரமாக எடுத்துக்கொள்கிறது. பாலத்துக்குக் கீழே இருக்கிற பள்ளத்தையும் அப்படித்தான். அந்த ஊசிகளைப் பார்த்து நல்ல பாதையை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஓரச்சாலை

பழையதடம் சொல்வதில் ஒரு மறுப்பு. பள்ளத்தாக்கு வழி சுலபம் என்பதால்தான் இன்றைய நெடுஞ்சாலையும் அங்கேயே போகிறது. லாரிகள் உரசிக்கொண்டு போகிற சாலையில் சரிவு 2 சதவீதமாக இருந்து என்ன பயன்? சில நேரம் கொஞ்சம் ஏறினாலும் மேட்டுவழிச் சிறு சாலைதான் உயிருக்கு நல்லது.

இன்னொன்று, ரயில்பாதை என்றாலே மிதமான சரிவு என்றும் நம்ப முடியாது. இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் ஹை பீக் பாதை இருக்கிறதே, அது 1830-களில் திறந்த க்ரோம்ஃபோர்ட் ரயில்வேயின் தடம். செங்குத்தான இடங்களில் மேலே நிலையாக நிறுத்திய நீராவி எந்திரத்தால் பெட்டிகளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். மிடில்டன் சரிவு 11, 12 சதவீதம் வரும். பழைய எந்திரக் கூடம் இன்னும் உச்சியில் நிற்கிறது, பார்க்க வேண்டிய இடம். ஆனால் சுமையோடு கீழிருந்து ஏறினால் பாதி தூரம் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

பழையதடம்

இரண்டுமே நியாயம். நெடுஞ்சாலை எந்தக் கரையில் போகிறதோ அதற்கு எதிர்க்கரையைப் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே பழைய வண்டிச்சாலை ஒன்று கிராமம் கிராமமாகப் போகும். அப்படி எதுவும் இல்லை, லாரிச் சாலை மட்டும்தான் என்றால் அந்தத் துண்டை ரயிலிலோ பஸ்ஸிலோ கடந்துவிடலாம். மிதித்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மிடில்டன் மாதிரி இடத்தில் பாதையின் கதையைக் கொஞ்சம் படித்தாலே தெரிந்துவிடும். கயிறு, நிலை எந்திரம் என்ற சொற்கள் வந்தால் அங்கே செங்குத்து.

நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. 300-ஆல் வகுக்கும் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நான் குறித்து வைத்திருந்த பாதையில் நான்கு நாள் அடிபட்டுப் போகிறது. இன்னும் இரண்டு கேள்வி. கணவாய் ஒன்றையாவது கடக்க ஆசை, மிதமானது ஏதாவது உண்டா? அப்புறம் எங்கள் சைக்கிளில் முன்னால் சின்ன பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல். போதுமா?

பழையதடம்

கியர் போதாது. 34-28 வைத்து நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே வேகம் மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும். 8 சதவீத ஏற்றத்தில் 100 கிலோவோடு அந்த வேகத்துக்கு 200 வாட்டுக்கு மேல் தேவை. அவ்வளவு கொடுக்க முடியாவிட்டால் மிதி மெதுவாகி, ஒவ்வொரு அழுத்தமும் முழங்காலில் போய் விழும். முன்னால் 26, பின்னால் 36 இருந்தால் அதே 60 சுற்றில் 5 கிலோமீட்டர் சொச்சம், 120, 130 வாட் போதும். உங்கள் மனைவியின் முழங்காலுக்காக இந்த ஒரு செலவைத் தள்ளிப் போடாதீர்கள். புதுப் பை, புது விளக்கு எல்லாம் அப்புறம்.

கணவாய் என்றால் ரெஷன். ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவே, சுமார் 1,500 மீட்டர். ஸ்டெல்வியோவுக்குப் பக்கத்து வீடு மாதிரிதான், ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் தாழ்வு. ரோமானியப் பேரரசர் கிளாடியஸ் காலத்துச் சாலை, வியா கிளாடியா அகஸ்டா, ஆல்ப்ஸைக் கடந்தது அந்த வழியாகத்தான். இன்றைக்கு அதே பெயரில் சைக்கிள் பாதை இருக்கிறது. உச்சியைத் தாண்டியதும் ஏரி. தண்ணீருக்குள் ஒரு தேவாலய மணிக்கூண்டு மட்டும் நிற்கும். 1950-இல் அணைக்காக கிரௌன் ஊரை மூழ்கடித்தார்கள், 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரம் மட்டும் மிஞ்சியது. ஏரியைத் தாண்டி இறங்கினால் சுற்றிலும் மதில் உள்ள க்ளூர்ன்ஸ் என்ற குட்டி நகரம்.

அந்த இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வராதீர்கள். சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டயர் வெடிக்கும் வரை போகலாம், சுமை இருந்தால் இன்னும் சீக்கிரம். அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். நடுநடுவே நின்று ஆறவிடுங்கள்.

ஓல்வேரா பாதைக்குப் போவதாக இருந்தால் ஓல்வேராவிலிருந்தே ஆரம்பியுங்கள், மொத்தத்தில் இறக்கம் அந்தப் பக்கம்தான். டேன்யூபில் பாஸாவிலிருந்து வியன்னா நோக்கி, ஆற்றோடு. குகைகளுக்கு முன்விளக்கும் பின்விளக்கும் பகலிலும் சார்ஜோடு இருக்கட்டும்.