யோகாவும் தலைமைத்துவமும்: ஸ்லைட் இல்லாமல் 20 நிமிடத்தில் எப்படிக் காட்டலாம்?

கோட்டை_கணக்கு:
கோட்டையில் ஒரு கணக்கியல் அலுவலகம், ஒன்பது பேர் கொண்ட டீம். யூன் 21 யோகா தினத்தை ஒட்டி "யோகாவும் தலைமைத்துவமும்" என்று 20 நிமிடம் நடத்த வேண்டும். பொறுமை, சமநிலை, மன ஒருமை என்று அடுக்கினால் எல்லாரும் போனைத்தான் பார்ப்பார்கள். செய்து பார்த்து உடம்பாலேயே விளங்கக்கூடியதாகச் சொல்லுங்கோ. பாய் இல்லை, கதிரைதான். பாதிப் பேர் சாறி.

ஒற்றைக்கால்:
விருட்சாசனம், அதாவது ஒற்றைக்காலில் மரம்போல நிற்பது. சப்பாத்தைக் கழற்றி, ஒரு கை சுவரில். மற்றக் காலின் குதியைக் கணுக்காலில் சாய்த்து, பெருவிரல் நிலத்தைத் தொட்டபடி இருந்தால் போதும், சாறிக்கும் சரிவரும். உள்ளங்காலை முழங்கால் மூட்டில் மட்டும் வைக்க விடாதேங்கோ, பக்கவாட்டு அழுத்தம் அந்த மூட்டுக்கு ஆகாது.

30 விநாடி நிற்கவிட்டு, ஊன்றிய கணுக்காலைக் கவனிக்கச் சொல்லுங்கோ. குனிந்து பார்க்கக்கூடாது, உணர வேண்டும். அது சும்மா இருக்காது. உள்ளும் வெளியுமாகத் திருத்திக்கொண்டே இருக்கும். அசையவே கூடாதென்று விரல்களை இறுக்கி முழங்காலைப் பூட்டினவர்தான் முதலில் சரிவார். கணுக்கால் திருத்த இடமில்லாமல் போக, பிழை இடுப்புக்கு ஏறும். அதற்குப் பிறகு கையை வீசித்தான் தப்ப வேண்டும். மாசக் கடைசியில் மட்டும் மூன்று மணித்தியாலம் மீட்டிங் வைக்கிற மனேஜருக்கும் இதே கதிதான். காலையில் 5 நிமிடம் "எது தடக்குப்பட்டு நிற்குது?" என்று கேட்டிருந்தால் கணுக்காலோடு முடிந்திருக்கும்.

நாரிக்காரன்:
கணக்காளர்களுக்கு முன்னால் குனிவது நல்லாப் பிடிபடும். கதிரை விளிம்பில் இருந்து, ஒரு காலை நீட்டி விரலைத் தொடச் சொன்னால், முக்கால்வாசிப் பேர் முதுகைக் கூனித்தான் தொடுவார்கள். தொடையின் பின்தசை நீளவேயில்லை, நாரியிடம் (கீழ்முதுகிடம்) வாங்கின கடன் அது. (நாரிப்பிடிப்பு உள்ளவர்களை இதைச் செய்ய விடாமல் நீங்களே காட்டுங்கோ.) அடுத்து முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, நெஞ்சை நிமிர்த்தி, இடுப்பு மூட்டிலிருந்து மட்டும் சாயச் சொல்லுங்கோ. கை அவ்வளவு தூரம் போகாது, ஆனால் இழுவை தொடையின் பின்னால் தெரியும்.

மார்ச் 31க்குள் இலக்கைக் காட்ட ஏப்ரல் இன்வொய்ஸை முன்னுக்கு இழுத்துப் பதிகிற வேலையோடு ஒப்பிடுங்கோ, ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது. "விரல் தொட்டதா?" என்று மட்டும் கேட்கிற தலைவருக்கு விரல்தான் கிடைக்கும்.

மூச்சுக்கணக்கு:
மூக்கால் 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. ஒரு எண் ஒரு விநாடி என்றால் ஆறு சுற்று ஒரு நிமிடம். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு தணியும். கோபமான ஈமெயிலுக்குப் பதில் எழுதமுதல் செய்யலாம். பிழை வருகிற இடம்: 6 வரும்வரை காற்றைப் பிடித்துத் தள்ளுவது. வயிறு இறுகி, அடுத்த மூச்சை விழுங்குகிற மாதிரி எடுப்பார்கள். அவர்களுக்கு 3 எண்ணி உள்ளே, 4 எண்ணி வெளியே காணும். திருமந்திரத்து 16 உள்ளே, 64 அடக்கி, 32 வெளியே என்ற கணக்கை யாராவது கட்டாயம் எடுத்து வருவார். வேண்டாம். மூச்சை அடக்குவது குருவின் மேற்பார்வையில் பழகவேண்டியது. கூட்டத்தில் பிரஷர்காரரும் கர்ப்பிணிகளும் இருக்கலாம்.

சந்தேகப்பேர்வழி:
மேலே உள்ளது முக்கால்வாசி உவமைதான். காலையில் சிரசாசனம் செய்துவிட்டுப் பத்து மணிக்குச் சீறுகிற ஆக்கள் கொழும்பில் தாராளம். அப்படியே கைமாறுகிற திறமை ஒன்றுதான் உண்டு, ஆசனத்தைச் சொல்லிக்கொடுக்கிற முறை. "வடிவாச் செய்யுங்கோ" என்றால் ஒருவரும் ஒன்றையும் மாற்றமாட்டார்கள். "வலது குதிக்காலைக் கீழே அழுத்துங்கோ" என்றால் உடனே மாறும். எந்த உறுப்பு, என்ன செய்ய வேண்டும், எந்தப் பக்கம், ஒருமுறைக்கு ஒன்று, காலிலிருந்து தொடங்கி மேலே. சொன்ன பிறகு ஒரு மூச்சளவு பேசாமல் இருக்கவேண்டும், அதுதான் கஷ்டம். மூன்றைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் நடக்கும்.

இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் மற்றவரைத் தாடாசனத்தில் (இரண்டு காலிலும் நேராக நிற்பது) வாயால் மட்டும் நிறுத்தட்டும். தொட்டுத் திருத்தக்கூடாது. சிங்களமும் தமிழும் கலந்த டீமென்றால் இன்னும் நல்லது, வசனம் தானாகச் சுருங்கும்.

கோட்டை_கணக்கு:
அருமை. நாலும் 20 நிமிடத்துக்குள் அடங்குமா? பின்னேரம் நாலரைக்கு வைக்கச் சொல்கிறார்கள்.

ஒற்றைக்கால்:
விருட்சாசனம் 5 (இரண்டு காலிலும்), குனிவது 4, சோடிப் பயிற்சி 7, மூச்சு 2. மிச்சம் இரண்டும் சப்பாத்துக்குப் போய்விடும். மதியச் சோற்றுக்குப் பிறகென்றால் குனிவதை விட்டுவிடுங்கோ. நாலரைக்கு மட்டும் வேண்டாம். ஒரு புள்ளியைப் பார்த்து நில்லுங்கோ என்றால் எல்லாரும் மணிக்கூட்டைத்தான் பார்ப்பார்கள்.