‘கொளுவாத ஈயம்’ என்று ஒன்று உண்டா? தூண்டில் எடைகளுக்குச் சொல் தேடி

மடல் 1 — தொகுப்பாளர், சென்னை

குழுவினருக்கு வணக்கம். மீன்பிடிக் கருவிச் சொற்பட்டியலில் ‘நோ-ஸ்னாக் சிங்க்கர்’ மட்டும் நிலுவையில் நிற்கிறது. பாறையிலோ பாசியிலோ மாட்டித் தூண்டில் நரம்போடு போய்விடாமல் திரும்பி வரும் தூண்டில் எடை என்பது பொருள். இதுவரை வந்தவை: மாட்டா ஈயம், சிக்காக் குண்டு, தடையிலி எடை. முதலாவதைப் படித்தால் ஈயம் ‘வரமாட்டேன்’ என்று முரண்டு பிடிப்பதுபோல் இருக்கிறது. வேறு சொல் உண்டா?

மடல் 2 — திருகோணமலை

ஐயா, ‘சிக்கு’ இங்கே பொருந்தாது. தங்கூசி (நீங்கள் சொல்லும் நரம்பு) தனக்குத்தானே முறுக்கிக்கொள்வதுதான் சிக்கு. தலைமயிர்ச் சிக்கு மாதிரி, இருந்த இடத்தில் இருந்தே விரலால் எடுத்துவிடலாம். ஈயமோ தூண்டில் முள்ளோ கல்லிடுக்கில் போய் நிற்பதைக் ‘கொளுவிப் போட்டுது’ என்றுதான் சொல்வோம். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால், சிக்குக்குச் சொன்ன வைத்தியத்தைக் கொளுவலுக்குச் செய்வார்கள். ‘கொளுவா ஈயம்’ என் பரிந்துரை.

‘குண்டு’ வேண்டவே வேண்டாம். மீன்பிடியோடு அந்தச் சொல் சேர்ந்தால் வெடி வைத்து மீன் பிடிக்கிற கதையாகத்தான் வாசிப்பார்கள்.

மடல் 3 — நாகர்கோவில்

> ‘கொளுவா ஈயம்’ என் பரிந்துரை

கொளுவலும் சிக்கும் வேறு என்பது சரி. ஆனால் கொளுவாத ஈயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது அண்ணா. கடைக்காரர் அப்படி எழுதி விற்கலாம், அகராதி எழுதக்கூடாது. ஈயம் மூன்று வெவ்வேறு வழிகளில் நம் நரம்பைக் காப்பாற்றுகிறது. எந்த வழி என்பதைப் பெயர் சொல்லவில்லை என்றால், வாங்குகிறவர் மணலுக்கானதைப் பாரில் (கடலடிப் பாறையில்) போட்டு இழப்பார்.

முதல் வழி வடிவம். உருண்டை ஈயமும் முட்டை ஈயமும் உருண்டுபோய்த் தாழ்வான இடுக்கைத் தேடிக்கொள்ளும். கல் நிறைந்த அடியில் அதிகம் இழப்பது இவற்றைத்தான். கூம்பு ஈயம் மணலில் குத்தி நிற்கப் பிறந்தது. கல்லில் அதன் விளிம்பே ஆப்பாக இறங்கிவிடும். தட்டையாக, இறக்கைபோல் அகலம் வைத்த ஈயம், நரம்பை வேகமாகச் சுற்றி இழுத்தால் நீரை வெட்டி மேலே ஏறும். கோலை உயர்த்தி, முதல் பத்துப் பதினைந்து சுற்றை நிறுத்தாமல் சுற்ற வேண்டும். நடுவில் ஓய்வு கொடுத்தால் அதுவும் கல்லில் படுத்துக்கொள்ளும். ஆகவே பாதி வேலைதான் ஈயத்துடையது, மீதி கையுடையது.

மெல்லிய குச்சி ஈயம் கூழாங்கல் நடுவே வழுவி வரும். ஆனால் நீளவாக்கில் ஒரு வெடிப்புக்குள் இறங்கி, நாம் பக்கவாட்டில் இழுத்தால் தாழ்ப்பாள் போட்டதுபோல்தான். அதற்கு மாற்றாக ஆற்றில் ஒரு வகை பயன்படுகிறது: பாராசூட் கயிற்றின் உள்ளிழைகளை உருவிவிட்டு, அந்தக் குழாய்க்குள் சிறு ஈய உருண்டைகளை வரிசையாக நிரப்பி, இரு முனையையும் நெருப்பில் உருக்கி அடைப்பது. விறைப்பு இல்லாததால் இடுக்குக்கு ஏற்ப வளைந்து வெளியே வந்துவிடும். 4.5 மில்லிமீட்டர் உருண்டை ஒன்று அரை கிராமுக்குச் சற்று மேல். இருபது போட்டால் 9 சென்டிமீட்டர் நீளத்தில் 11 கிராம். ஆற்றுக்கு இது போதும். கடல் நீரோட்டத்தில் 100 கிராம் வேண்டுமென்றால் இந்த வழியில் பாம்பு நீளத்துக்குப் போய்விடும். இதற்கு ‘ஈயச்சரம்’ என்று பெயர் வைக்கலாம். பூச்சரம் தெரிந்தவருக்கு விளக்கமே தேவையில்லை.

இரண்டாவது, மடங்கும் கம்பி. மூன்றாவது, ஈயத்தையே பலி கொடுப்பது. பின்னர் எழுதுகிறேன்.

மடல் 4 — தஞ்சாவூர்

அந்த இரண்டாவது வழியைத்தான் பிரிட்டனில் ‘பிரேக்அவே லெட்’ என்கிறார்கள். நம் பட்டியலின் பழைய வரைவில் ‘உடைபடும் ஈயம்’ என்று இருக்கிறது. அது பிழை, அங்கே எதுவும் உடைவதில்லை. ஈயத்தின் தலையிலிருந்து நான்கு துருப்பிடிக்காத கம்பிகள் வெளியே விரிந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மணி கோத்து, ஈயத்தின் பக்கத்துக் குழியில் அழுத்தி வைத்திருப்பார்கள். ஓட்டம் பலமான மணற்கரையில் கம்பி நங்கூரம்போல் பிடிக்கும். பலமாக இழுத்தால் மணி குழியைவிட்டு நழுவ, நான்கு கம்பியும் பின்பக்கம் மடிந்து வால்போல் இழுபட்டு வரும். கம்பிகளை வளைத்தோ, ரப்பர் வளையம் சுற்றியோ பிடிமானத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

எனவே ‘மடிகால் ஈயம்’. மடிகால் என்பது வினைத்தொகை: மடிந்த, மடிகிற, மடியும் கால். மூன்று காலமும் இந்தக் கம்பிக்குப் பொருந்துவது தற்செயல்தான் என்றாலும் அழகு.

நாகர்கோவில் நண்பரிடம் ஒரு கேள்வி. இதைப் பாரில் போடலாமா?

மடல் 5 — நாகர்கோவில்

கூடவே கூடாது. கம்பி வெடிப்புக்குள் நுழைந்தால் மடிய இடம் இருக்காது. பாசியும் நாலு கம்பியில் சுற்றிக்கொள்ளும். மடிகால் மணலுக்கு மட்டும். இதற்குத்தான் வழிமுறை பெயரிலேயே தெரிய வேண்டும் என்றேன்.

பாருக்கு ஏற்றது மூன்றாவது வழி. ஈயத்தை நரம்பில் நேராகக் கட்டாமல், இடையில் வலு குறைந்த ஒரு துண்டு நூலில் தொங்கவிடுவது. நரம்பு 13 கிலோ, முள் தாங்கும் கிளை 10 கிலோ என்றால், இந்தத் துண்டு 4 அல்லது 5 கிலோ. முடிச்சிலும் வலு குறையும் என்பதால் இடைவெளி தாராளமாக இருக்கட்டும். நீளம் 15 சென்டிமீட்டர் போதும், அதற்கு மேல் போனால் கிளையோடு சுற்றிக்கொள்ளும். கொளுவினால் ஈயம் மட்டும் போகும். முள்ளும் மீனும் கைக்கு வரும். பழைய வரைவில் ‘உதிர் ஈயம்’ என்று இருப்பதும் சரியல்ல. எந்த எடையையும் இப்படிக் கட்டலாம், ஈயத்தின் வகை அல்ல இது. பெயர் அந்த நூலுக்குத்தான் வேண்டும்.

இதில் ஆபத்து வீசும்போது இருக்கிறது. கோலின் முழு வீச்சும் அந்த நலிந்த துண்டில் இறங்கினால் அது நடுவானில் அறுந்து, ஈயம் கரையில் நிற்பவர் தலைக்குப் போகும். வீச்சைத் தாங்கும் முன்நரம்புக்குக் கடற்கரைக் கணக்கு, அவுன்ஸுக்கு 10 பவுண்டு வலு. 150 கிராம் ஈயத்துக்குச் சுமார் 24 கிலோ வருகிறது; அங்கே 5 கிலோ நூலைக் காட்டுவது தற்கொலை. அதனால் ஈயத்தை வீசும்வரை ஒரு கம்பிக் கொக்கியில் மாட்டி வைப்பார்கள். வீச்சின் இழுவிசை அதைக் கொக்கியிலேயே பிடித்து வைக்கும். நீரில் விழுந்து நரம்பு தளர்ந்ததும் தானாகக் கழன்று நலிந்த நூலில் தொங்கும். கொக்கி இல்லாமல் இந்த முறையில் தூர வீச்சு வேண்டாம்.

மடல் 6 — தஞ்சாவூர்

நூலுக்கு ‘அறுநூல்’. ‘அறுகண்ணி’ என்றும் யோசித்தேன். கண்ணி பறவை பிடிக்கிற கண்ணியையும் கண்ணிவெடியையும் நினைவூட்டும், விட்டுவிட்டேன்.

மடல் 7 — லண்டன்

அடிப்படைச் சொல்லையே ஒருமுறை கேள்வி கேட்க வேண்டும். பிரிட்டனில் அன்னங்கள் சிறு ஈயங்களை விழுங்கி நஞ்சேறிச் செத்ததால், 1987 முதல் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளுக்குத் தூண்டிலில் தடை. கடையில் இருப்பது தகரம், டங்ஸ்டன், எஃகு. பொட்டலத்தில் ‘ஈயமில்லா ஈயம்’ என்று எழுதுவீர்களா?

மடல் 8 — திருகோணமலை

எழுதினால் என்ன? எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் எள் எங்கே இருக்கிறது? மண்ணெண்ணெயில்?

மடல் 9 — லண்டன்

எண்ணெயில் எள்ளை யாரும் இன்று கேட்பதில்லை. ஈயம் என்றால் உலோகம் இன்னமும் காதில் விழுகிறது. பேச்சில் ‘ஈயம்’ இருக்கட்டும். பொருள் முக்கியமாகிற இடத்தில், அட்டவணையில், சட்ட மொழிபெயர்ப்பில், வேறு சொல் வேண்டும். மிதவைக்கு எதிர்ச்சொல்லாக ‘அமிழ்வை’ எப்படி?

மடல் 10 — தஞ்சாவூர்

போர்வை, கோர்வை, பார்வை போல ‘வை’ ஈறு பெற்றுச் சரியாகவே அமைந்திருக்கிறது. ஆதரிக்கிறேன்.

மடல் 11 — நாகர்கோவில்

கடற்கரையில் ‘அமிழ்வை’ கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் அட்டவணைக்கு அது தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன், காரணம் கணக்கு. கடல்நீரில் 100 கிராம் ஈயம் 91 கிராமாகத்தான் கனக்கும். அதே கனம் கிடைக்க எஃகில் 105 கிராம், கருங்கல்லில் ஏறக்குறைய 148 கிராம் வேண்டும். கல்லின் பருமன் ஈயத்தைப்போல் ஆறு மடங்குக்கு மேல். ஓட்டம் அதைப் பந்தாக உருட்டும். ‘100 கிராம் ஈயம்’ என்று பொதுவாக எழுதிவிட்டால் கல் கட்டுகிறவர் ஏமாறுவார்.

அறுநூலில் இழக்கப்போகிற எடைக்கு நல்ல ஈயத்தைச் செலவழிப்பது வீண், கடலுக்கும் கேடு. கட்டட வேலையில் மிஞ்சும் 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பி 10 சென்டிமீட்டருக்கு 89 கிராம். 10 மில்லிமீட்டர் கம்பி என்றால் 62. வெட்டு முனையை அரத்தால் மழுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே அறுநூலை அறுக்கும். துரு பிடித்தால் பிடிக்கட்டும். இழப்பதற்காகவே கட்டுவதுதானே.

மடல் 12 — தொகுப்பாளர், சென்னை

‘நோ-ஸ்னாக் சிங்க்கர்’ பதிவை நீக்குகிறேன். அதன் இடத்தில் ஏறுதட்டை ஈயம் (சுற்றி இழுத்தால் மேலே ஏறும் அந்தத் தட்டை ஈயம்), ஈயச்சரம், மடிகால் ஈயம் மூன்றும் தனித்தனிப் பதிவுகள். ஒவ்வொன்றிலும் எந்த அடித்தரைக்கு ஏற்றது என்ற குறிப்போடு. அறுநூல், ‘தொடுப்பு’ (நரம்பில் முள்ளையும் எடையையும் கட்டும் அமைப்பு) என்ற தலைப்பின் கீழ் போகும். தலைச்சொல் அமிழ்வை, வழக்கு ஈயம். வீசும்வரை ஈயத்தைத் தாங்கும் அந்தக் கொக்கிக்கு மட்டும் பெயர் இல்லை. ‘விடுக்கொக்கி’ என்று போடட்டுமா?

மடல் 13 — தஞ்சாவூர்

விடுகொக்கி. வினைத்தொகை, ஒற்று மிகாது.