நம்ம வீடு 🪔 குழு: ஞாயிறு ராத்திரி

[19:42] அம்மா: டேய், அடுத்த திங்கக்கிழமை தீபாவளி. நீ ஞாயித்துக்கிழமை வரைக்கும் மலையில உருண்டுட்டு இருப்ப. விடிகாலையில எண்ணெய் தேச்சுக்க ஆள் வீட்ல இருப்பியா?

[19:44] தம்பி: இருப்பேம்மா. ரீயூனியன் தீவு மலை ஓட்டம், வியாழன் ராத்திரி 10 மணிக்கு சேன்-பியேர் ஊர்ல கிளம்பறோம். கெடு 66 மணி நேரம். ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு மேல நானே ஓடறேன்னாலும் விடமாட்டாங்க 😄

[19:45] சித்தி புதுச்சேரி: 66 மணியா?? நிமிஷம்னு படிச்சிட்டேன். எவ்ளோ தூரம்டா?

[19:46] தம்பி: 170 கிலோமீட்டருக்கு மேல சித்தி. ஏற்றத்த மட்டும் கூட்டினா 10,000 மீட்டர்

[19:47] சித்தி புதுச்சேரி: இங்கேர்ந்து மெட்ராஸே 150 தான். அதுக்கு பஸ் இருக்கு

[19:47] நான்: சித்தி 😂😂 இங்க அதோட பேரே பைத்தியக்காரங்க ஓட்டம் தான். ஜெயிக்கறவங்களுக்கே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும்

[19:50] அம்மா: ஒரு நல்ல கம்பா எடுத்துட்டுப் போ

[19:51] தம்பி: கம்பு கூடாதும்மா. வேற ஊர் மலை ஓட்டத்துல ஊன்றுகோல் விடுவாங்க, இங்க தடை

[19:53] தம்பி பொண்டாட்டி: பை ரெடி அத்தை. நெத்தி லைட்டு, மாத்து பேட்டரி, பேண்டேஜ், விசில், மினுமினுன்னு ஒரு போர்வை. மூணு நாளா சாப்பாட்டு மேசையில கடை விரிச்சிருக்கார். நாங்க தரையில சாப்பிடறோம்

[19:54] அம்மா: விசில் எதுக்கு

[19:54] தம்பி: பள்ளத்துல விழுந்துட்டா ஊதறதுக்கு

[19:55] தம்பி பொண்டாட்டி: ஏங்க, இத அத்தைகிட்ட சொல்லியே ஆகணுமா

[19:58] அம்மா: 🎤 குரல் செய்தி (2:14)

[20:01] நான்: கேட்டேம்மா. அழாதீங்க. டேய், நர்ஸா ஒண்ணு சொல்றேன். கால் வலிக்குதுன்னு ஐபுப்ரோஃபென் போடாத. உடம்புல தண்ணி வத்தியிருக்கும்போது அது சிறுநீரகத்தக் கெடுக்கும். அதுக்காக வெறும் தண்ணியா குடிச்சுத் தள்ளாத, ரத்தத்துல உப்பு கொறஞ்சா தலை சுத்தி பேச்சு குழறும். சூப்பு, உப்பு பிஸ்கட் எதையாவது உள்ள தள்ளு

[20:03] தம்பி: சரிக்கா. போன மாசம் ரோஷ் எக்ரித் மலைய நாலு தடவை ஏறி இறங்கினேன். ஏறும்போது மூச்சு தான் போகுது. இறங்கும்போது தொடையே போயிடுது. அதனால இப்பல்லாம் இறங்கறதுக்குத் தான் பயிற்சி

[20:04] சித்தி புதுச்சேரி: தூக்கம்?

[20:05] தம்பி: ரெண்டு தடவை அரை மணி படுப்பேன். மூணாவது ராத்திரி கல்லெல்லாம் ஆளா தெரியுமாம் 🙈

[20:06] தம்பி பொண்டாட்டி: ஏங்க!!!

[20:09] அம்மா: நான் முடிவு பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை நீ ஓடற வழியில சிலாவோஸ் ஊர்ல வந்து நிக்கறேன். புளிசாதம், அப்பளம், பிளாஸ்க்ல ரசம்

[20:16] அம்மா: என்னடா பதிலக் காணோம்

[20:21] தம்பி: அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. சிலாவோஸ் வேண்டாம்

[20:21] அம்மா: ஏன், என் சாப்பாடு எறங்காதா?

[20:24] தம்பி: எறங்கும்மா, அதான் பிரச்சனை. அங்க வரும்போது வெள்ளி சாயங்காலம் ஆயிடும், ஒரு ராத்திரி ஒரு பகல் ஓடியிருப்பேன். குளிரும். உங்க மூஞ்சியப் பாத்து ரசம் குடிச்சேன்னா நேரா கார்ல ஏறி ஒக்காந்துடுவேன். அத விட்டா அப்புறம் தைபித் கணவாய், 2,000 மீட்டருக்கு மேல. அந்தப் பக்கம் மாஃபாத் பள்ளத்தாக்கு. அங்க ரோடே கிடையாது. நடக்கணும், இல்ல ஹெலிகாப்டர் வரணும். அதுக்குள்ள எறங்கிட்டா மனசு மாறினாலும் நடந்து தான் வெளிய வரணும். எனக்கு அது தான் வேணும்

[20:26] சித்தி புதுச்சேரி: புள்ள சொல்றது நியாயம் தான்க்கா

[20:26] அம்மா: நீ சும்மா இரு

[20:31] எங்க வீட்டுக்காரர்: வணக்கம் அத்தை. நான் தீமிதித்தவன். அதற்கு 18 நாள் விரதம். என் தாயார் குழியின் எதிர்க் கரையில் நின்றார். நடுவில் அல்ல.

[20:32] நான்: (தமிழ்ச் சங்க வகுப்புல கத்துக்கிட்ட தமிழ், யாரும் சிரிக்கக் கூடாது)

[20:34] எங்க வீட்டுக்காரர்: சிலாவோஸுக்கு நான் போகிறேன். அந்தச் சாலையில் 400 வளைவுகள், உங்களுக்கு வாந்தி வரும். சோறு கொடுப்பேன். கார் சாவியைக் காட்ட மாட்டேன்.

[20:35] தம்பி: மாமா ❤️ நான் கெஞ்சினாலும் குடுக்காதீங்க

[20:35] எங்க வீட்டுக்காரர்: நீ அழுதாலும்.

[20:40] அம்மா: அப்ப நான் எங்க நிக்கறது

[20:41] தம்பி: ஓட்டம் முடியற லா ரெதூத் ஸ்டேடியம்மா, சேன்-தெனி ஊர்லயே. ஞாயிறு காலையில 10 மணியிலேர்ந்து பாருங்க

[20:44] எங்க வீட்டுக்காரர்: அதற்கு முன் லா கிராந்த் ஷாலூப் என்ற இடம் வரும். இவன் ஆங்கிலேயர் பாதையின் கருங்கல்லில் இறங்கி அங்கே வருவான். லாசரே அங்கே உள்ளது. கப்பலில் வந்த கூலிகளை நோய்க்குப் பயந்து அடைத்து வைத்த இடம். என் பாட்டியின் தாத்தாவையும் அங்கே வைத்தார்கள். கார் போகும். அத்தை அங்கே நிற்கலாம்.

[20:46] அம்மா: அங்க பாத்தா கார்ல ஏற மாட்டானா?

[20:47] தம்பி: மாட்டேம்மா. அங்கேர்ந்து கொலொராடோ மேடு ஒண்ணு ஏறி எறங்கினா முடிஞ்சுது. அவ்ளோ தூரம் வந்துட்டு எவன் கார்ல ஏறுவான்

[20:52] அம்மா: ரசம் கொண்டு வரலாமா

[20:52] தம்பி: கொண்டு வாங்க 😭

[20:55] சித்தி புதுச்சேரி: கால் நகம் கருத்து விழுந்துடும்னு சொல்றாங்களே, திங்கக்கிழமை கால்ல எண்ணெய் வெக்கலாமா?

[20:57] நான்: தலைக்கு மட்டும் வையுங்கம்மா. கால நான் பாத்துக்கறேன்

[21:03] அம்மா: சீயக்காய் தீந்துபோச்சு. யாராவது வாங்கிட்டு வாங்க