புதுப்பிப்பு: டபுள் டெக்கர் பஸ் கூரையில் படிந்த வெண்மூட்டம் போய்விட்டது

ஜூலையில் இங்கே கேட்டிருந்தேன்: என் மாடல் ரயில் லேஅவுட்டுக்காக 1:76 அளவு (நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு) டபுள் டெக்கர் மாடலுக்கு மும்பையின் பெஸ்ட் (BEST) நகரப் பஸ்ஸின் சிவப்பு அடித்தேன். பால்கனியில் வைத்து, பெயிண்ட்டைக் காக்கும் நிறமற்ற மேல்பூச்சான கிளியர் லாக்கரை ஸ்ப்ரே செய்ததும் கூரை முழுக்கப் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிட்டது. வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது மாதுங்கா அண்ணன் சொன்ன யோசனை. லாக்கரில் கலந்திருக்கும் தின்னர் (கரைப்பான்) ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. மும்பை மழைக்காற்றின் ஈரம் அதில் படிந்து லாக்கருக்குள் சிக்கிக்கொள்கிறது. ஆக, சிவப்பில் கோளாறு இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் வீணாக சிவப்பும் போயிருக்கும்!

ஏசியை டிரை மோடில் 2 மணி நேரம் ஓடவிட்டு அறையைக் காயவைத்தேன். அப்புறம் முகமூடி போட்டுக்கொண்டு, மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் தெளிக்கும் சிறு பெயிண்ட் கருவி) பனிபோல ஒரே ஒரு பூச்சு. முதலில் பஸ்ஸின் அடிப்பக்கத்தில் சோதித்துப் பார்த்தேன். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள், தின்னர் அதிகமானால் கீழிருக்கும் பெயிண்ட்டும் கரையும். கண் முன்னாலேயே வெண்மை கரைந்து சிவப்பு திரும்பியது. அவ்வளவு சந்தோஷம்!

எதிர்பாராதது ஒன்று: சூப்பர் க்ளூவில் ஒட்டிய மேல்தள ஜன்னல்களும் மங்கியிருந்தன. அது லாக்கரால் அல்ல, க்ளூவின் ஆவியால் வந்தது, தின்னருக்கும் போகவில்லை. ஓஎச்பி ஷீட்டில் (கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் தாள்) புதிதாக வெட்டி ஃபெவிகாலில் ஒட்டினேன். காய்ந்த பிறகு தெளிவாக இருக்கிறது.